கொரிய நாடகம் இருக்கட்டும், தூக்கத்தைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி

"எனக்கு 46 வயது. ஈரோட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை. கணவருக்கு ஜவுளி வியாபாரம். மகன் கோவையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறான். மகள் பிளஸ் டூ. மாமியார் எங்களோடு இருக்கிறார். ஊரடங்கு சமயத்தில் மகள்தான் கொரியன் சீரியல் பார்க்கப் பழக்கிவிட்டாள். அவள் அதை எப்போதோ மறந்துவிட்டாள், நான் பிடித்துக்கொண்டேன். ராத்திரி பத்தரைக்கு அடுப்படியைத் துடைத்து, மறுநாளுக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போனோடு படுத்தால் ஒன்றரை ஆகிவிடும். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், எழுந்தாக வேண்டும். இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் போன மாதம் ஒரே வவுச்சரை இரண்டு முறை பதிந்து, ஆபீசில் பேச்சு வாங்கினேன்.

வீட்டில் என் பெயரே 'கொரியாக்காரி' ஆகிவிட்டது. எனக்குப் பிடித்த ஒரு நடிகர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்த அன்று சோறு இறங்கவில்லை. 'அவன் உனக்கு மாமனா, மச்சானா?' என்று கணவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. யாரும் இல்லாதபோது மகளின் பழைய நோட்டில் கொரிய எழுத்துகளை எழுதிப் பழகுகிறேன். மகன் வயதுப் பையன்களைப் பார்த்து இப்படி ஆகிவிட்டோமே என்று கூச்சமாக இருக்கிறது. அந்தக் கதைகளில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் 'சாப்பிட்டியா' என்று கேட்கிறார்கள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. இது ஏதாவது மனநோயா? அடியோடு விட்டுவிட வேண்டுமா?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மனநோய் இல்லை. அடியோடு விடவும் வேண்டாம். நீங்கள் கூச்சப்படும் விஷயம் எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "பழகிவிட்டது" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே, அந்த ஒன்றரை மணியும் ஐந்து மணியும்தான் என்னை உறுத்துகின்றன. அதற்கு வருகிறேன். முதலில் கூச்சத்தைத் தீர்த்துவிடலாம். அது இருக்கும்வரை நான் சொல்லும் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது.

நடிகர் இறந்த அன்று சோறு இறங்கவில்லை என்கிறீர்கள். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தபோது இந்த மாநிலத்தில் எத்தனை ஆண்கள் தாய் தகப்பன் போனதுபோல மொட்டையடித்துக்கொண்டார்கள் என்பதை உங்கள் மாமியாரைக் கேளுங்கள், சொல்வார். 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. போன செய்தி வந்தபோது உங்கள் வீட்டில் யாருடைய கண்ணும் கலங்கவில்லையா? அவர் யாருக்கு மாமன், யாருக்கு மச்சான்? பல ஆண்டுகள் நம் வீட்டுக்குள் ஒலித்த ஒரு குரல், தினமும் பார்த்த ஒரு முகம், ஒருநாள் நின்றுபோனால் மனம் அதை இழப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த ஆளுக்கு நம்மைத் தெரியுமா தெரியாதா என்பதையெல்லாம் அது விசாரிப்பதில்லை.

இதை உளவியல் எப்போதோ கவனித்துவிட்டது. தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில், 1956-லேயே, டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையில் தோன்றுபவர் நம் கண்ணைப் பார்த்துப் பேசுவதுபோல் பேசும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அவர்மேல் ஒரு நிஜமான பழக்கம் உண்டாகிவிடுகிறது என்றார்கள். ஒரு பக்கம் மட்டுமே ஓடும் உறவு. அவர்கள் அதை நோய் என்று சொல்லவில்லை. சாதாரண மனிதர்களிடம் சாதாரணமாக நடப்பது என்றுதான் விவரித்தார்கள். மனதுக்குப் பிடித்த தொடர் ஒன்று தனிமையை ஓரளவு தணிக்கிறது, சோர்ந்த நேரத்தில் தாங்கிப் பிடிக்கிறது என்று 2009-இல் பஃபலோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஓர் ஆய்வில் காட்டினார்கள். ஆக, பத்தரை மணிக்கு அடுப்படியை விட்டு வரும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தொடர் ஆறுதலாக இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

மகன் வயதுப் பையன்கள் என்கிறீர்கள். விண்டர் சொனாட்டா என்ற கொரியத் தொடர் 2003-இல் ஜப்பானில் ஒளிபரப்பானது. அதில் நடித்த பே யோங்-ஜூன் 2004 நவம்பரில் டோக்கியோ வந்தபோது நரிட்டா விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள், அதற்கு மேலும் இருந்தார்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, வீட்டில் யாரும் தங்களைத் தனியாகக் கவனிப்பதில்லை என்ற நிலையில் இருந்த பெண்கள். பலர் அதற்குப் பிறகு கொரிய மொழி கற்றார்கள், கூட்டமாகச் சேர்ந்து அந்தத் தொடரை எடுத்த ஊர்களுக்குச் சுற்றுலா போனார்கள். ஜப்பானியப் பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன, பிறகு ஆய்வாளர்கள் அவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். ஈரோட்டிலும் கரூரிலும் நாமக்கல்லிலும் இன்று ஹெட்செட்டோடு படுத்திருப்பவர்களைக் கூட்டினால் பஸ் ஸ்டாண்டு தாங்காது என்று நினைக்கிறேன். என் அறைக்கு வருபவர்களில் பலர் வேறு பிரச்சினைக்காக வந்து, கடைசியில் கொஞ்சம் சிரித்துக்கொண்டே இதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்று. நீங்கள் மயங்குவது அந்தப் பையனிடமா, அவனுக்கு எழுதப்பட்ட குணத்திடமா என்று யோசித்துப் பாருங்கள். கொரியத் தொடர்களை எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிம் உன்-சுக், பார்க் ஜி-உன் போன்றவர்களுக்கு அங்கே நடிகர்களுக்கு நிகரான மவுசு. நாயகன் குடையை யார் பக்கம் சாய்க்க வேண்டும், அவள் பேசும்போது எப்படிக் கேட்க வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதையெல்லாம் ஒரு பெண் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறாள். அதனால்தான் அது உங்களுக்குச் சரியாகப் போய்ச் சேருகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அப்படி எழுதப்பட்டவனை, ஜவுளிக் கடையில் பாக்கி வசூலாகாமல் தலைவலியோடு வீட்டுக்கு வரும் மனிதரோடு ஒப்பிடாதீர்கள். எந்தக் கணவரும் தோற்றுப்போவார், கொரியக் கணவர்களும் சேர்த்து.

உங்கள் வீட்டின் கேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஆண்களின் பித்துக்கு மரியாதை உண்டு. கட்டவுட்டுக்குப் பால் ஊற்றினால் ரசிகன். முதல் நாள் முதல் காட்சிக்காகக் கடையை மூடிவிட்டுப் போனால் அது ஒரு வீரக்கதை, பத்து வருடம் கழித்தும் சொல்லலாம். ஐ.பி.எல். சீசனில் சென்னை அணியின் 14 லீக் ஆட்டங்களை மட்டும் ஒருவர் முழுதாகப் பார்த்தாலே ஏறக்குறைய 50 மணி நேரம். 16 பகுதிகள் கொண்ட ஒரு கொரியத் தொடர், பகுதிக்கு 70 நிமிடம் என்று வைத்தாலும், 19 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் கணவர் கிரிக்கெட் பார்ப்பவரோ இல்லையோ, இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு அல்ல, உங்களுக்கே நீங்கள் சொல்லிக்கொள்ள.

பெண்களின் பித்து மட்டும் எப்போதும் "வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்வது" என்ற பெயரோடுதான் வரும். நம் பாட்டிமார்கள் காலத்திலும் அப்படித்தான். 1950-இல் 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் தொடராக வரத் தொடங்கியது. முடிய மூன்றரை ஆண்டு ஆயிற்று. அத்தியாயங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியத்தின் ஓவியங்களோடு பைண்டு செய்து டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த பெண்கள் எத்தனை பேர்! வந்தியத்தேவனை நினைத்துக்கொண்டு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் ஆசையில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம்: அவர்கள் அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு வாரம் காத்திருந்தாக வேண்டும். அந்த ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசினார்கள், நந்தினி என்ன செய்வாள் என்று சண்டை போட்டார்கள், ராத்திரி நன்றாகத் தூங்கினார்கள். காத்திருக்க வைப்பதைப் பத்திரிகையே பார்த்துக்கொண்டது. உங்கள் போன் பத்து விநாடிக்குள் அடுத்த பகுதியைத் தானே ஓட்டிவிடுகிறது. கொரியாவிலேயே அந்தத் தொடர்கள் வாரத்துக்கு இரண்டு பகுதி என்றுதான் ஒளிபரப்பாகின்றன. ஒவ்வொரு பகுதியும் கழுத்தைப் பிடித்து நிறுத்துவதுபோல் முடிவதற்குக் காரணமே அடுத்த வாரம் உங்களைத் திரும்ப வரவழைப்பதுதான். அடுத்த வாரத்துக்காகப் போட்ட கொக்கியில் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு மாட்டிக்கொள்கிறீர்கள்.

இப்போது உறுத்தலுக்கு வருகிறேன்.

மூன்றரை மணி நேரத் தூக்கம் பழகாது. பழகிவிட்டதாகத் தோன்றும், அதுதான் ஆபத்து. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஆட்களை 14 நாள் தொடர்ந்து, சிலரை இரவுக்கு 6 மணி நேரமும் சிலரை 4 மணி நேரமும் மட்டும் தூங்கவிட்டார்கள். அவர்களுடைய கவனமும் நினைவும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போயின. கடைசியில் ஒன்றிரண்டு இரவு பொட்டுத் தூக்கமே இல்லாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களைக் கேட்டால், கொஞ்சம் தூக்கக் கலக்கம், மற்றபடி சமாளிக்கிறோம் என்றார்கள். மூளை மந்தமாகும்போது, மந்தமாகிவிட்டோம் என்று கண்டுபிடிக்கும் திறமையும் சேர்ந்தே மந்தமாகிறது. வவுச்சரை இரண்டு முறை பதிந்தது கொரிய நடிகரால் அல்ல. ஆபீசுக்கு எப்படிப் போய்வருகிறீர்கள் என்று எழுதவில்லை. ஸ்கூட்டியில் என்றால், தூக்கம் சரியாகும்வரை பஸ்ஸில் போங்கள். வவுச்சரைத் திருத்திக்கொள்ளலாம். பெருந்துறை ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் இரண்டு விநாடி கண் சொக்கினால் திருத்த ஒன்றும் இருக்காது.

தெரிந்தும் ஏன் படுக்கப் போவதில்லை? 2014-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ளோர் க்ரூஸே என்பவரும் சகாக்களும் இதையே ஆராய்ந்தார்கள். வெளியில் எந்தத் தடையும் இல்லாதபோதும், பின்னால் வருந்துவோம் என்று தெரிந்தும், படுக்கப் போவதைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பற்றி. அவர்கள் இதைப் பெரும்பாலும் சுயக்கட்டுப்பாட்டோடு சேர்த்துப் பேசினார்கள். உங்கள் விஷயத்தில் சுயக்கட்டுப்பாடு குறைவு என்று நான் நம்ப மாட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, ஆபீஸ் போய், திரும்பி வந்து சமைத்து, பத்தரைக்கு அடுப்படி துடைக்கும் ஒருவரிடம் போய்க் கட்டுப்பாடு போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் நாளில் உங்களுக்கென்று இருக்கும் ஒரே நேரம் பத்தரைக்கு மேல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பதினேழரை மணி நேரமும் வேறு யாருக்கோ எழுதிக்கொடுத்தாயிற்று. அதனால் எந்த மகராசியாக இருந்தாலும் அந்த நேரத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க மாட்டாள். தூங்கிவிட்டால் அடுத்த நொடி காலை ஐந்து மணி, மறுபடியும் தண்ணீர், மறுபடியும் டிபன் பாக்ஸ். நம் நாட்டு அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. அப்படி வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். 201 நிமிட வித்தியாசம், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல். நீங்கள் இரவில் நாடகம் பார்க்கும் நேரமும் சரியாக மூன்று மணி. யாரிடமிருந்தும் கேட்டு வாங்க முடியாததை உங்கள் தூக்கத்திடமிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள். அது மட்டும்தான் வாயைத் திறந்து சண்டை போடாது.

அதனால் "இனிமேல் பார்க்க மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். நான்கு நாள் இருப்பீர்கள், ஐந்தாம் நாள் விடிய விடியப் பார்ப்பீர்கள், ஆறாம் நாள் உங்களையே திட்டிக்கொள்வீர்கள். நாடகத்தை நிறுத்துவது அல்ல காரியம். அதைப் பத்தரை மணியிலிருந்து எட்டரை மணிக்கு இழுத்து வருவதுதான் காரியம். இதற்கு நாடகத்தைவிட வீடு நிறைய மாற வேண்டியிருக்கும்.

எப்படிக் கேட்பது? கெஞ்சலாகக் கேட்டால் "சரி சரி, பார்க்கலாம்" என்று போய்விடும். கோபமாகக் கேட்டால் கொரியாவைப் பற்றிய விவாதமாக மாறிவிடும். நாளையும் மணியையும் சொல்லிக் கேளுங்கள். "ஏனுங்க, செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் எட்டரைக்கு மேல நான் அடுப்படிப் பக்கம் வரமாட்டேனுங்க. பாத்திரம், மேடை, காய் நறுக்கறது எல்லாம் நீங்களும் பாப்பாவும் பார்த்துக்கங்க." அவ்வளவுதான். எதற்காக என்று கேட்டால், "நான் நாடகம் பார்க்கப் போறேனுங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லை, தலைவலி என்று சாக்குச் சொல்லி வாங்கும் ஓய்வை நம் பெண்கள் நன்றாகக் கற்று வைத்திருக்கிறோம். அப்படி வாங்கினால் தலைவலி இல்லாத நாளில் அந்த ஓய்வு கிடைக்காது. முதல் இரண்டு வாரம் பாத்திரத்தில் பிசுக்கு இருக்கும், வெண்டைக்காய் ஒரு அளவில் இருக்காது. திரும்பக் கழுவாதீர்கள். திரும்பக் கழுவினால் மூன்றாவது வாரம் எல்லாம் உங்களிடமே வந்துவிடும். மகன் விடுமுறைக்கு வந்தால் அவனுக்கும் ஒரு நாள் கொடுங்கள். ஹாஸ்டலில் தன் தட்டைத் தானே கழுவுகிற பையன் வீட்டுக்கு வந்ததும் கை மறந்துபோவது எந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்திலும் இல்லை.

பார்ப்பதிலும் சில மாற்றங்கள். ஒரு பகுதியின் முடிவில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். முடிவு என்பது உங்களை நிறுத்தவிடாமல் செய்வதற்காகவே எழுதப்பட்ட இடம். அடுத்த பகுதியில் பத்து, பதினைந்து நிமிடம் போனால் அந்தக் கொக்கி தானே கழன்றுவிடும், அவள் கதவைத் திறந்துவிடுவாள், அவன் உயிரோடுதான் இருப்பான், எல்லோரும் உட்கார்ந்து ராமென் சாப்பிடுவார்கள். அங்கே நிறுத்துங்கள். ஒரு வாரம் முயன்று பாருங்கள், மன உறுதி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு வெறும் இடத்தேர்வு என்று தெரியும். அடுத்த பகுதி தானாக ஓடுவதை அமைப்புகளில் போய் அணைத்துவிடலாம். மகளிடம் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. முடிந்தால் டிவியில் பாருங்கள். மாமியாரின் சீரியல் எட்டரைக்கு இருந்தால் கூடத்தில் உட்கார்ந்து போனில் பாருங்கள், ஆனால் உட்கார்ந்து பாருங்கள். படுக்கையில் வேண்டாம். போன் சார்ஜ் ஏறுவது கூடத்தில். அலாரத்துக்குப் பழைய மேசைக் கடிகாரம் போதும்.

படுக்கும் நேரத்தை ஒரேயடியாகப் பத்து மணிக்குக் கொண்டுவர முடியாது. போனால் கொட்டக் கொட்ட விழித்திருந்து, தூக்கமே வராது என்ற பயம் வந்துவிடும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடம் முன்னால் இழுங்கள். ஒன்றரை, ஒன்று பத்து, பன்னிரண்டு ஐம்பது என்று. பத்து மணிக்கு வந்து சேர ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும். ஆகட்டும். தண்ணீர் வராத நாட்களில் ஆறு மணிவரை தூங்குங்கள், டிபனுக்கு ஒருநாள் உப்புமாவே போதும். தண்ணீர் வரும் நாட்களில் மோட்டார் போடக் கணவருக்கும் கை உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எப்போது இது கவலைப்பட வேண்டிய பித்தாகிறது என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் என் வேலையைச் செய்யாதவளாவேன். கனடா நாட்டு உளவியலாளர் ராபர்ட் வல்லெராண்ட் 2003-இல் ஆர்வத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, வாழ்க்கையின் மற்றவற்றோடு ஒத்துப்போகும் ஆர்வம். நீங்கள் அதை எடுக்கலாம், வைக்கலாம். இன்னொன்று, உங்களை எடுத்துக்கொள்ளும் ஆர்வம். அதைச் செய்யும்போதும் சந்தோஷம் இருக்காது, செய்யாதபோதும் நிம்மதி இருக்காது. எத்தனை மணி நேரம் என்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது போனை எடுக்காமல் இருக்க முடிகிறதா? ஒரு தொடர் பிடிக்கவில்லை என்றால் பாதியில் விட முடிகிறதா, அல்லது பிடிக்காமலேயே முடிக்கிறீர்களா? நடிகர் படம் போட்ட பொருள்களுக்கு வீட்டுக்குத் தெரியாமல் பணம் போகிறதா? பார்த்து முடித்ததும் மனம் நிறைந்து இருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா? நோட்டில் எழுத்துப் பழகுகிறீர்கள் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கைதான் வந்தது. உங்களை எடுத்துக்கொள்ளும் பித்து, பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லும். நோட்டையும் பேனாவையும் எடுக்கவிடாது.

அந்த நோட்டை ஒளிக்காதீர்கள். 15-ஆம் நூற்றாண்டில் செஜோங் அரசர், படிப்பறிவில்லாத குடியானவர்களும் எழுதட்டும் என்று உருவாக்கிக் கொடுத்த எழுத்து அது. அடிப்படை எழுத்துகள் 24தான். 247 எழுத்தைத் தலைகீழாகச் சொல்லும் நமக்கு ஒரு மாதம்கூட ஆகாது. சென்னையில் 2006 முதல் இயங்கும் இந்திய-கொரியக் கலாசார மையமான இன்கோ மையத்தில் கொரிய மொழி வகுப்புகள் நடக்கின்றன. ஹூண்டாய் வந்த பிறகு காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய மொழி தெரிந்தவர்களுக்கு வேலையே இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆசைக்கு மட்டும் படிப்பதாகவே இருக்கட்டும். 46 வயதில் ஆசைக்குப் படிக்க யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை.

மகளைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. பிளஸ் டூ பிள்ளையிடம் "போனை வை" என்று சொல்லிவிட்டு, போர்வைக்குள் நீங்கள் போன் பார்ப்பது அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? தெரியும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். மேலே சொன்ன திட்டத்தை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். எனக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு, சரிசெய்யப் போகிறேன், நீயும் பதினோரு மணிக்கு மேல் உட்காராதே என்று. பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொடர் பார்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். பழக்கிவிட்டவள் அவள்தானே.

"சாப்பிட்டியா" என்று எழுதியிருந்தீர்கள். கொரியர்களும் நம்மைப் போலத்தான், நலம் விசாரிக்க அதைத்தான் கேட்பார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். உங்களிடம் கேட்பவர் யார் என்பது கடிதத்தில் இல்லை. கணவரிடம் வேலைப் பங்கீட்டைப் பேசுகிற அன்றே இதையும் பேச வேண்டாம், இரண்டும் கலந்து குழம்பிவிடும். வேறொரு நாள், கடைக்கு விடுமுறை உள்ள ஒரு மத்தியானம், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பகுதி காட்டுங்கள். அவர் தூங்கிவிடலாம், கிண்டல் செய்யலாம், அது அவர் இஷ்டம். இந்தக் காட்சி எனக்கு ஏன் பிடிக்கிறது தெரியுமா என்று ஒருமுறையாவது சொல்லிவிடுங்கள். சொல்லாமலே அவராகப் புரிந்துகொள்வார் என்பது கொரியத் தொடரில் பதினாறாவது பகுதியில் நடக்கும்.

கடைசியாக, உடம்பு. 46 வயதில் தூக்கம் கெடுவதற்கு நாடகத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு நான் நகர முடியாது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய வருடங்களில் நடுராத்திரியில் உடம்பு கொதித்து வியர்ப்பது, விழிப்பு வருவது, காரணமில்லாமல் அழுகை வருவது எல்லாம் சகஜம். ரத்தசோகையும் தைராய்டும் நம் பெண்களிடம் அதிகம், இரண்டுமே அசதியையும் கவனக்குறைவையும் தரும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் இந்த மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கில் மாற்றம் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். போனை அணைத்துவிட்டுப் படுத்தும் மூன்று, நான்கு வாரம் தூக்கம் வராவிட்டால், அல்லது நாடகம் உட்பட எதிலுமே பிடிப்பில்லாமல், மனம் கனத்தே இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தால், பக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.